என் பக்கத்துக் கதவு

எங்க காரில் என் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கைப்பிடியை எம்புட்டு இழுத்தாலும் சும்மா ஆடும். என் வீட்டுக்காரர் இறங்கி, வண்டியைச் சுத்தி வந்து, வெளியே நின்னு திறந்துவிட்டாத்தான் நான் இறங்க முடியும். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போனா, கோயில் வாசல்ல நிக்கிறவங்க இதைப் பார்த்துட்டு, "குடுத்து வச்சவங்க டீச்சர் நீங்க"ங்கிறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

கதவு மட்டுமா? ஏசி போட்டா அடுப்படி அனல் வரும். மழை பெஞ்சா டிக்கிக்குள்ள தண்ணி நிக்கும். "வித்துத் தொலைங்க"ன்னா, "எஞ்சின் தங்கம், இதை வித்துட்டு என்னத்த வாங்க"ம்பார். எஞ்சின் மேலயா நான் உக்காந்து போறேன்?

போன சித்திரை வெயில்ல பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியை நிறுத்திட்டு, "செத்த நேரம் இரு, பிரியாணி வாங்கிட்டு வாரேன்"னு போனார். கடையில பழைய சிநேகிதர் யாரோ கிடைச்சுட்டார் போல, ஆளைக் காணோம். நான் உள்ளே வேகுறேன். கண்ணாடியை இறக்கலாம்னு சுத்தினா, சுத்துற பிடி கையோட வந்துருச்சு. அவர் சீட்டுப் பக்கம் தாண்டிப் போக என் முட்டி விடாது. கடைசியில கண்ணாடியைத் தட்டி, ரோட்டுல போன பூக்காரம்மாவைக் கூப்பிட்டுத்தான் வெளியே வந்தேன். பொட்டலத்தோட வந்தவர்கிட்ட, "ஒண்ணு இந்த வண்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"னு சொல்லிட்டேன்.

அதுக்குத்தான் மசிஞ்சார். விக்கிறதுக்கு முன்னாடி சின்னச் சின்ன வேலையை முடிச்சிரலாம்னு எங்க பழைய மெக்கானிக்கிட்ட கொண்டுபோனோம். வீட்டுக்காரர் டீ வாங்கப் போன நேரத்துல, "இந்தக் கதவை மட்டும் ஏன்ப்பா உன்னால சரிபண்ண முடியல?"ன்னு மெக்கானிக்கைக் கேட்டேன்.

"அது ரிப்பேர் இல்லையே டீச்சர். சார்தான் உள்கம்பியைக் கழட்டிவிடச் சொன்னாரு. நீங்க கதவுல சாஞ்சு தூங்குவீங்களாம். ஒட்டன்சத்திரம் ரோட்டுல கை பட்டுக் கதவு தொறந்துக்கிச்சாம். பெல்ட்டு போட்டிருந்ததால தப்பிச்சீங்களாம். அப்பவும் முழிக்கலையாம். லாக்கு வேற பிடிக்கல, அதுக்குச் சாமானும் அப்பக் கெடைக்கல."

நான் வண்டியில தூங்குறதே இல்லை.

டீயோட வந்தவரைப் பிடிச்சேன். "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா, தூங்கவே இல்லைன்னு சண்டைக்கு வருவ."

"நான் தூங்கலதான்."

அவர் டீயை நீட்டினார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஒரு வார்த்தை சொல்றதை விட்டுட்டு, இத்தனை வருஷமா வெயில்லயும் மழையிலயும் வண்டியைச் சுத்தி நடந்திருக்கார் இந்த மனுஷன். மெக்கானிக்கிட்ட திரும்பினேன். "எங்கயாவது தேடி நல்ல லாக்கைப் போடு. கம்பியையும் மாட்டு. கதவுல குத்தமில்லைன்னா வண்டியை எதுக்கு விக்கணும்? இனிமே நானே திறந்துக்கிறேன்."

கதவு சரியான கையோட, நெய்க்காரப்பட்டியில இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்தோம். திரும்புற வழி பூரா கண்ணை மூடக் கூடாதுன்னு விறைப்பா உக்காந்திருந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டினது ஞாபகம் இருக்கு.

அப்புறம் பார்த்தா, வண்டி எங்க வீட்டு வாசல்ல நிக்குது. எனக்குக் கழுத்து வலிக்குது. என் கதவுக்கு வெளியே அவர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார்.

கதவைத் திறந்தேன். "எம்புட்டு நேரமா நிக்கிறீங்க?"

"நீதான் தூங்கலையே. நீயே திறந்துக்கிருவேன்னு நிக்கிறேன்."