நஸீர் வரும்வரை நிற்கிறேன் என்றவர்

1. புதிய ஆள்

நஸீர் வேலைக்கு வந்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. ஏன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், ஆள் அதிகம் கதைக்கிறார், மருந்தை எடுத்த இடத்தில் வைப்பதில்லை என்று ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை. அது பொறாமைதான்.

திருகோணமலையில் துறைமுகப் பக்கம் போகும் வீதியில் உள்ள ஒரு பாமசியில் இருபத்தாறு வருடம் பாமசிஸ்ட்டாக இருந்தேன். மருந்துத் துண்டை நீட்டினால், எழுத்தை வைத்தே எந்த டொக்டர் என்று சொல்லிவிடுவேன். முதலாளி உட்பட எல்லோருக்கும் நான் 'மிஸ்'. கண்டிப்பானவள் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நஸீர் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பத்து நான்கு வயது. அவர் வந்து மூன்று மாதம் ஆகவில்லை, வாசலில் நிற்கும் பெண்கள் என் தோளுக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

"நஸீர் தம்பி இல்லையோ மிஸ்?"

மரம் மாதிரி நான் முன்னால் நிற்கிறேன், கேட்பது நஸீரை. ஆண்கள் கேட்டால்கூடப் பரவாயில்லை. பிள்ளை பெற்ற பெண்கள், பெண்ணான என்னை விட்டுவிட்டு ஓர் ஆணிடம் போய் முலைக்காம்பு வெடிப்புக்கு மருந்து கேட்டார்கள். என் வயிறு எரிந்தது. நேற்று வந்தவருக்கு என்ன கைராசி என்று முதலாளியிடம் நக்கலாகக் கேட்டேன். "யாவாரம் நடக்குதுதானே மிஸ்" என்று அவர் சிரித்தார்.

2. கேட்கும் விதம்

பால் கொடுக்கும் தாய் மருந்து கேட்டால் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று, "பால் குடுக்கிறீங்களோ?" என்று கேட்பேன். என் குரல் அப்படி, வீதிக்கும் கேட்கும். ஓம் என்றால், "அப்ப குளிசை குடிக்கிற நாளிலை பாலை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி நோவைப் பொறுங்கோ" என்பேன். தலையிடிக்குப் பரசிற்றமோல் கேட்டாலும் இதே பதில்தான். பயம் இருந்தால் பிழை வராது என்பது என் எண்ணம்.

நஸீர் அப்படிக் கேட்கமாட்டார். "பிள்ளைக்கு எத்தின மாசம்?" என்பார். அவ்வளவுதான். தாயின் முகம் மலர்ந்துவிடும். நாலு மாதம், குப்புறப் பிரளுது, ராவிலே நித்திரை இல்லை என்று கதை வரும். அந்தக் கதைக்குள்ளேயே பிள்ளை தாய்ப்பால் குடிக்கிறதா, குறைமாதப் பிள்ளையா, தாய் வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்பதெல்லாம் வந்துவிடும்.

பிறகு சொல்வார்: "பரசிற்றமோல் குடிக்கலாம் தங்கச்சி. ஐபுபுரோபனும் குடிக்கலாம், ஆனா உங்களுக்கு வயித்துப் புண், மூச்சு இழுக்கிற தொய்வு இருந்தா சொல்லுங்க. நோவுக்கெண்டு அஸ்பிரின் மட்டும் வேணாம். பாலை நிப்பாட்டத் தேவல்ல."

ஆண்களிடமும் கேட்பார். முதுகடியில் நாரி நோவென்று துண்டு கொண்டுவரும் மீனவரிடம்கூட, "வீட்டில சின்னப் பிள்ளை இருக்கா? எத்தின மாசம்?" என்பார். இருக்கிறது என்றால், மருந்து உறையில் 'இது உங்களுக்கு மட்டும், பிள்ளையின் தாய்க்கு இல்லை' என்று எழுதுவார். ஒரு வீட்டில் ஒருவருக்கு எழுதிய குளிசையை எல்லோரும் பகிர்ந்து குடிப்பது எங்கள் ஊர் வழக்கம் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அவர் செய்தார் என்பதற்காகவே நான் அதைச் செய்யவில்லை. காட்டிக்கொள்ளத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

3. வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மதியம் நஸீர் பள்ளிக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போவார். அந்த ஒன்றரை மணித்தியாலம் கடை பழையபடி என் கடையாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை இறக்கக்கண்டியிலிருந்து ஜெயராஜ் என்ற மீனவர் வந்தார். தோணி தள்ளி நாரி பிடித்து, டொக்டரிடம் காட்டியிருந்தார். துண்டில் அவர் பெயர்தான். கோடீன் என்ற கடும் நோ மருந்து கலந்த பரசிற்றமோல், ஐந்து நாளைக்கு. பின்னால் நாலைந்து ஆட்கள் நின்றார்கள்.

"நஸீர் தம்பி நிக்கிறாரோ?" என்றார்.

"ஏன், நான் நிக்கிறன்தானே. துண்டைத் தாங்கோ."

குளிசையை எடுத்து உறையில் போட்டேன். அவர் வாங்காமல் நின்றார். குரலைத் தாழ்த்தி, "மிஸ், இதைப் பொம்பிளையளும் குடிக்கலாமோ?" என்று கேட்டார்.

"ஆருக்கு? பால் குடுக்கிறவவோ?"

பின்னால் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜெயராஜ் அவர்களைத் திரும்பிப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இல்லை, இல்லை. எனக்குத்தான். சும்மா கேட்டனான்." பிறகு சொன்னார்: "நான் நஸீர் தம்பி வரும்வரைக்கும் அதிலை நிக்கிறன்."

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடம் கவுண்டரில் நின்றவளுக்கு அதுகூடத் தெரியாதா? அங்கேயே அவரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் நிற்க விட்டிருக்க வேண்டும். ஆனால் என் காதில் விழுந்தது ஒன்றுதான்: நான் போதாது, நஸீர் வேண்டும்.

"அவர் வந்தாலும் இதே குளிசைதான். பிந்தினால் உங்களுக்குத்தான் பஸ் இல்லை," என்று உறையை அவர் கையில் திணித்தேன். அடுத்த ஆளின் துண்டை வாங்கினேன். அவர் போய்விட்டார்.

நஸீர் வந்து, "யாரும் தேடினதா மிஸ்?" என்று கேட்டபோது, இல்லை என்றேன்.

4. ஞாயிறு

ஞாயிறு காலை கடை திறந்து கொஞ்ச நேரத்தில் நஸீரின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டே அவர் முகம் மாறியது.

"எத்தின நாள் பிள்ளை? ... இருபது நாளா? எழுப்பினா எழும்புதா? ... பால் இழுக்குதா? ... மூச்சு? ... என்ன குளிசை குடிச்ச அவ?" நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். "இனி ஒண்டும் குடிக்க வேணாம். இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு வாங்க, ஓட்டோவைப் பிடிச்சு. அந்தக் குளிசை உறையையும் கொண்டாங்க."

போனை வைத்துவிட்டு, "இறக்கக்கண்டி ஜெயராஜ்," என்றார். "சீசர் செஞ்சு பிள்ளை பெத்த அவர்ர மனுசி நோவுக்குக் கோடீன் குடிச்சிருக்கு. பிள்ளை எழும்புதில்லையாம்."

நாங்கள் இருவரும் போனோம். நான் ஏன் வருகிறேன் என்று அவர் கேட்கவில்லை. பிள்ளையை உள்ளே எடுத்து ஒட்சிசன் வைத்திருந்தார்கள். தாய் கவிதா வெளியே வாங்குப் பலகையில் ஜெயராஜின் கையைப் பிடித்தபடி இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள், வயிற்று நோவில் முடியவில்லை.

"ஏன் பிள்ளை, என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?" என்றேன். அந்த நேரத்திலும் கேள்வி அப்படித்தான் வந்தது.

"உங்களிட்டைச் சொல்ல வேண்டாமெண்டு அக்கா சொன்னவ மிஸ்," என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. "அக்கா முதல் பிள்ளையோடை காய்ச்சலுக்குப் பனடோல் வாங்க வந்தவ. நீங்கள் பாலை நிப்பாட்டச் சொன்னீங்கள். ஒரு கிழமை நிப்பாட்டினவ, பிறகு பால் வரவேயில்லை. அதுக்குப் பிறகு எங்கடை பக்கத்திலை ஒருத்தரும் உங்களிட்டை உண்மை சொல்லுறேல்லை. இல்லையெண்டு சொல்லித்தான் வாங்குவம்."

அக்காவின் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. அவளைப் போல எத்தனை பேருக்கு அப்படிச் சொன்னேன் என்றும் தெரியாது. நஸீரிடம் சனங்கள் உண்மை சொன்னார்கள், என்னிடம் பொய் சொன்னார்கள். இத்தனை நாளும் நான் பொறாமைப்பட்டது இதற்குத்தான் என்று அந்த வாங்குக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் விளங்கியது. பொய் சொல்லப் பழக்கியதும் நானேதான்.

பிள்ளை வாட்டு டொக்டர் வெளியே வந்தார். குளிசை உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயராஜைப் பிடித்து ஏசினார். "வீட்டிலை பால் குடுக்கிற தாய் இருக்கிறா எண்டு பாமசியிலை சொல்லியிருக்க வேண்டாமோ?"

"என்ரை பிழைதான் டொக்டர்," என்றார் ஜெயராஜ். "நான்தான் சொல்லேல்லை."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் பேசாமல் நின்றிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். துண்டு அவர் பெயரில், குளிசை அவர் பெயரில், பொய்யும் அவர் வாயால். சட்டப்படி என்னில் ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை நடந்தது நஸீருக்கும் தெரியாது.

"அவர் கேக்கத்தான் வந்தவர் டொக்டர்," என்றேன். "நஸீர் வரும்வரைக்கும் நிக்கிறன் எண்டும் சொன்னவர். நான்தான் நிக்க விடேல்லை. பொய் சொல்லுறார் எண்டு தெரிஞ்சும் குடுத்து அனுப்பினனான்."

ஏன் என்று டொக்டர் கேட்டார்.

"நஸீரைத் தேடினது எனக்குப் பிடிக்கேல்லை."

ஐம்பத்தெட்டு வயதில் இதைச் சொல்ல எவ்வளவு வெட்கமாக இருந்தது என்று எழுத முடியாது. இரண்டு நாள் பிள்ளையின் மூச்சைப் பார்த்தபடியே வைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பிள்ளை அழுதது, பால் இழுத்தது. வீட்டுக்கு விட்டார்கள்.

5. இளையவர்களுக்கு

கோடீன் சிலரின் உடம்பில் மிக வேகமாக மோர்ஃபினாக மாறும். அது பாலில் போய்ப் பிள்ளையை மயக்கும், மூச்சைக் குறைக்கும். யாருடைய உடம்பு அப்படி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ட்ரமடோலிலும் இதே ஆபத்து உண்டு. ஆகவே பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டும் வேண்டாம். பரசிற்றமோலும் ஐபுபுரோபனும் அளவோடு எடுத்தால் அனேகமான தாய்மாருக்குப் பயமில்லை. சளி, தடிமன் மருந்துக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். மூக்கடைப்புக் குளிசை சிலருக்குப் பாலைக் குறைக்கும். பிள்ளை வழமைக்கு மாறாகத் தூங்கினால், பால் இழுக்காவிட்டால், மூச்சு மெதுவானால், யோசித்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். டொக்டர் சொல்லாமல் பாலை நிப்பாட்டச் சொல்லாதீர்கள்.

இவையெல்லாம் புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் இல்லாததைச் சொல்கிறேன். நீங்கள் எவ்வளவு படித்திருந்தாலும், கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் உண்மை சொல்லாவிட்டால் உங்கள் படிப்பு ஒன்றுக்கும் உதவாது. அவர் யாரிடம் உண்மை சொல்லுவாரோ, அவரிடம் விடுங்கள்.

பிறகும் இரண்டு வருடம் வேலை செய்தேன். நானும் "பிள்ளைக்கு எத்தினை மாசம்?" என்று கேட்கப் பழகினேன். சிலர் சொன்னார்கள், பலர் சொல்லவில்லை. கெட்ட பெயர் லேசில் போகாது. கடைசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, திரியாயிலிருந்து ஒரு பெண் கைப்பிள்ளையோடு வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நஸீர் அண்ணா எப்ப வருவார் மிஸ்?"

"அரை மணித்தியாலத்திலை வந்திடுவார். இருங்கோ."

உள்ளே போய் என் கதிரையைத் தூக்கி வந்து, ஃபேனுக்குக் கீழே போட்டுக் கொடுத்தேன். அவள் இருந்துகொண்டு என்னோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு பழையபடி எரிந்தது. எரிந்தது என் வயிறு மட்டும்தான். அதனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.