கன்லாவோன் மலையும் என் பங்கரும்

லோர்னா காலையில் வேலைக்கு வந்ததும் முதலில் செய்கிற காரியம் மேலங்கியைக் கழற்றுவது அல்ல. நடைக்கூடத்து ஜன்னலைத் திறந்து, அதன் வெளிவிளிம்பில் சுட்டுவிரலால் ஒரு கோடு இழுப்பாள். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். சில நாட்களில் மோந்தும் பார்ப்பாள். ‘குட்டன் மோர்கன்’ என்ற காலை வணக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஜேர்மனியில் ஹம் நகரத்து முதியோர் இல்லமொன்றில் அவளுக்கும் எனக்கும் ஒரே மாடியில் வேலை. அவள் வந்த புதிதில் இந்தக் கூத்தைப் பார்த்த துப்புரவுப் பெண், தன் வேலையில் குற்றம் பிடிக்கிறாள் என்று நினைத்து மேலிடத்தில் முறையிட்டுவிட்டாள். பொறுப்பாளர் லோர்னாவை அழைத்து விசாரித்தார். “சாம்பல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன்” என்றாள் லோர்னா. “இங்கே ஒருவரும் புகைப்பதில்லையே” என்றார் பொறுப்பாளர். மறுநாள் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் ‘புகைத்தல் தடை’ என்று ஓர் அறிவித்தலை ஒட்டினார்கள். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சாம்பலின் கதை எனக்குத் தெரியவரச் சில மாதங்கள் பிடித்தன. லோர்னாவின் ஊர் கன்லாவோன். பிலிப்பைன்ஸில் நேக்ரோஸ் என்ற தீவில், அதே பெயர்கொண்ட எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஓய்வறையில் ஒருநாள் மிஞ்சிய பாண் துண்டை மேசைமேல் நிமிர்த்தி வைத்து “இது மலை” என்றாள். அதன் காலடியில் ஒரு வெண்ணெய்க் கட்டியை வைத்து “இது நாங்கள்” என்றாள். மலைத்தொடர் தீவை இரண்டாகப் பிரிக்கிறதாம். மேற்கே ஒரு மொழி, கிழக்கே வேறொன்று. கன்லாவோன் எல்லையோரம் கிடப்பதால் அங்குள்ளவர்கள் ஒரு மொழியில் தொடங்கிய சண்டையை மற்றதில் முடிப்பார்களாம். மலையுச்சியில் லாவோன் என்ற பழைய தெய்வம் இருப்பதாக ஐதீகம். ஊரின் பெயரும் அதிலிருந்துதான் வந்தது. லோர்னா ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள். ஆனாலும் லாவோனின் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கும். ஸ்பானியரையும், அவர்களுக்குப் பின் வந்த அமெரிக்கரையும் எதிர்த்த கிளர்ச்சிக்காரர்கள் அந்த மலையில்தான் மறைந்திருந்தார்கள் என்றாள். இயக்கம், காடு என்றால் போருக்குள் வளர்ந்த எங்கள் காது தானாக நிமிரும் அல்லவா? நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கன்லாவோன் தனி ஊராகி, அறுபதுகளின் தொடக்கத்தில் நகரமாகவும் ஆக்கப்பட்டது. “நகரம் நகரம் என்கிறாயே, எத்தனை மாடிக் கட்டடங்கள் இருக்கின்றன?” என்று சீண்டினேன். “கோவாத் தோட்டம் இருக்கிறது, மனாங். கரட் இருக்கிறது. எங்கள் மண்ணில் எதை நட்டாலும் வரும்” என்றாள். மனாங் என்றால் நம்முடைய அக்காதான். ஆலமர இனத்தில் ஒரு மரம் அங்கே நிற்கிறதாம். ஆயிரம் வயதுக்கு மேல் என்று சொல்கிறார்களாம். எத்தனை வெடிப்பைப் பார்த்திருக்கும் என்று கேட்டேன். “அது ஓட முடியாது, பார்த்துத்தானே ஆகவேண்டும்” என்றாள்.

மலைவாயைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் வட்டத்துக்குள் எக்காலமும் குடியிருக்கக் கூடாது. மலை குமுறத் தொடங்கினால் அந்த வட்டத்தை ஆறு கிலோமீட்டராக்கிவிடுவார்கள். லோர்னாவின் வீடு ஐந்தாவது கிலோமீட்டரில் இருந்தது. கணவன் ரோடெல், பதினாறு வயது மகள் ஏஞ்சல், ஒரு பன்றி, வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு சிற்றோடை. மலை குமுறினால் அவர்கள் வலயத்துக்குள் இருப்பவர்கள், அடங்கினால் வெளியே இருப்பவர்கள்.

வலயம் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. வலிகாமம் வடக்கில் எங்கள் வீடும் ஒரு வலயத்துக்குள்தான் அகப்பட்டது. தொண்ணூறில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். இரண்டு நாளில் திரும்பலாம் என்று அப்பா கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினார். பிறகு இராணுவம் பிடித்த அந்த இடத்துக்கு உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் வந்தது. யாருடைய பாதுகாப்பு என்று கேட்க ஆளில்லை. பல ஆண்டுகள் கழித்துக் காணியை விட்டபோது கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. “உன்னுடைய மலை பரவாயில்லை. நிலத்தைத் திருப்பித் தரும்போது உரம் போட்டாவது தருகிறது” என்றேன் லோர்னாவிடம். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய பயத்தை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவள் நான் என்று அன்றே எனக்குள் ஒரு பெருமிதம் வந்து குந்திவிட்டது. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் அதுதான் காரணம்.

மலை வெடித்தது. சாம்பல் தூண் எழும்பி நிற்கும் படத்தை லோர்னா எனக்குக் காட்டினாள். ரோடெலும் ஏஞ்சலும் வலயத்துக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் தஞ்சமடைந்தார்கள். வகுப்பறையில் பாய், வரிசையில் சோறு, யாரோ ஒருவரின் குழந்தை விடாமல் இருமுவது. அவள் சொல்லச் சொல்ல, நாங்கள் அகதிகளாய்த் தங்கிய முகாமின் வாடை எனக்கு மூக்கில் ஏறியது. அந்த நாட்களில் வேலை நேரத்திலும் தொலைபேசியை வைத்திருக்கப் பொறுப்பாளர் அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தார்.

மாடியில் ஷுல்ற்ர என்று ஒரு முதியவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். “வெடிக்கிற மலைக்குப் பக்கத்தில் மனிதர் ஏன் வீடு கட்டுகிறார்கள்?” என்று லோர்னாவிடம் தினமும் கேட்பார். சுரங்கம் தோண்டித் தோண்டி நிலம் தாழ்ந்ததில் அவருடைய சொந்த வீட்டுச் சுவரே மேலிருந்து கீழ்வரை வெடித்தது. அந்தக் கதையையும் அவரே சொல்வார். இரண்டு கதைகளையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றியதே இல்லை.

வெடித்து ஒரு வாரம் போயிருக்கும். காலையில் லோர்னா ஷுல்ற்ரவைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு இருந்ததால் தொலைபேசியை என்னிடம் தந்திருந்தாள். நான் வெளியே துவாய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அது அடித்தது. ஏஞ்சல். அவளும் என்னை மனாங் என்றுதான் கூப்பிடுவாள். அங்கே பின்னேரம். பன்றியைக் கொண்டுபோகத் தகப்பனும் மகளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ரோடெல் ஒரு வண்டி பிடிக்கப் போயிருந்தான். மலையில் மழை கொட்டுகிறது. இதையெல்லாம் அவள் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். “மனாங், பெரிய சத்தம் வருகிறது. மலைப்பக்கமிருந்து. இன்னும் பெரிதாகிறது. அம்மா எங்கே? நான் எங்கே போவது?”

நான் லோர்னாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். குளியலறைக் கதவு கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் சத்தம் என்ற ஒரு சொல் போதும் எங்களுக்கு. எங்கள் வீட்டு முற்றத்தில் அப்பா வெட்டிய பங்கர் என்ற பதுங்குகுழி, மேலே தென்னங்குற்றி, அதற்குமேல் மண்மூட்டை. ஷெல் கூவுகிற சத்தம் கேட்டால் கேள்வி கேட்பதில்லை, இறங்குவதுதான். பங்கர் இல்லாவிட்டால் வாய்க்கால், வாய்க்கால் இல்லாவிட்டால் ஒரு மாட்டெருக் குழி. உயரத்தில் நின்றவன் செத்தான், பள்ளத்தில் கிடந்தவன் பிழைத்தான். நிலவறை உள்ள வீடுதான் வேண்டுமென்று ஹம்மில் என் மனுசனை எத்தனை வீட்டுப்படி ஏறி இறங்க வைத்தேன் தெரியுமா? அந்த அறிவைத்தான் அப்படியே வாரி அந்தப் பிள்ளையின் தலையில் கொட்டினேன்.

“கீழே போ!” என்று கத்தினேன். “ஓடை இருக்கிறதல்லவா, அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிப் படு! தலையை மூடு! ஓடு!”

“சரி, மனாங்” என்றாள். தொடர்பு அறுந்தது.

குளியலறைக்குள் போனேன். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட மிதப்பு இருந்தது. சொன்னேன். லோர்னா ஷுல்ற்ரவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துவாய் அப்படியே நின்றது.

“ஓடைக்குள்ளா?” என்றாள்.

“ஓம்” என்றேன். டொச் மொழி மறந்து தமிழ் வந்துவிட்டது.

“அந்தச் சத்தமே ஓடைதான், மனாங்.” அவள் குரல் உயரவில்லை. “மலையில் விழுந்த சாம்பல் முழுவதையும் மழை கரைத்து ஓடைவழியே கொண்டுவரும். சேறு. கல். வீட்டளவு கல்.”

ஷுல்ற்ர எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “தண்ணீர் வந்தால் மேலே ஏறவேண்டும். சுரங்கத்தில் புதிதாக வந்தவனுக்கும் அது தெரியும்” என்றார். அவர் என்னைக் குத்தச் சொல்லவில்லை. ஆனால் நான் குளியல்தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைத்தோம். ஏஞ்சலின் இலக்கமும் கிடைக்கவில்லை, ரோடெலுடையதும் கிடைக்கவில்லை. ஆனால் முதியோர் இல்லத்தில் உலகம் அழிந்தாலும் மதியச் சாப்பாடு நேரத்துக்குப் போகவேண்டும். லோர்னா தட்டுகளைக் கொண்டு போனாள், கிழங்கை மசித்தாள், ஒரு மூதாட்டியின் வாயைத் துடைத்தாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் கெடட்டும். என் வாயால் கெடப்போவது அடுத்தவள் பெற்ற பிள்ளையல்லவா? கழிவறைக்குள் புகுந்து என் மனுசனுக்குத் தொலைபேசி அடித்தேன்.

“இஞ்சருங்கோ, நான் அந்தப் பிள்ளையை ஆத்துப் பள்ளத்துக்குள்ள இறங்கச் சொல்லிப்போட்டன்.”

“ஆரை? என்ன சொல்லுறாய், கௌரி?”

சொன்னேன். “பள்ளத்தில படுக்கிறது ஷெல்லுக்கடி” என்றார். “மலையைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? எங்கட ஊரில மலையும் இல்லை, ஆறும் இல்லை.”

“இப்ப நான் என்ன செய்யிறது?”

“ஒண்டும் செய்யேலாது. அழாமல் போய் அவளுக்குப் பக்கத்தில நில்.”

போய் நின்றேன். லோர்னா ஜன்னலடியில் இருந்தாள். வெளியே, சுரங்கக் கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டாக்கிய மேடு தெரிந்தது. இந்தத் தட்டையான ஊரில் மலை என்று சொல்ல அது ஒன்றுதான் உண்டு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய தோளைத் தொடப் போனேன். அவள் ஒரு அடி தள்ளி நின்றாள்.

இங்கே பின்னேரக் கோப்பி நேரம் ஆகும்போது தொலைபேசி அடித்தது. திரையில் ஏஞ்சல். நெற்றிவரை சேறு. பின்னால் ஒரு தேவாலயச் சுவர், அதில் சாய்ந்தபடி ரோடெல், அவன் காலடியில் சேறு பூசிய பன்றி. தாயும் மகளும் அவர்கள் மொழியில் ஒரே நேரத்தில் கத்தினார்கள், அழுதார்கள். பிறகு அந்தப் பிள்ளை எனக்காக ஆங்கிலத்துக்கு மாறியது. “மனாங் சொன்னபடி இறங்கத்தான் போனேன். பன்றியை விட்டுப் போக மனம் வரவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தால், அது ஓடைப்பக்கம் வரவே மாட்டேன் என்று மேட்டை நோக்கி என்னை இழுத்தது. மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடை போய்விட்டது. கோழிக்கூடு போய்விட்டது.” நான் சொன்னதை அவள் குறையாகச் சொல்லவில்லை. பெரியவர் சொன்னால் கேட்கிற பிள்ளை. கேட்டிருந்தால் செத்திருக்கும்.

மலைபோல் வந்தது பனிபோல் நீங்கியது என்று நம்மவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படி நீங்கவில்லை. லோர்னா தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, “இனிமேல் என் தொலைபேசியை எடுக்காதே” என்றாள். மனாங் என்ற சொல் அதில் இல்லை. அதற்குப் பிறகு பல வாரங்கள் வேலைக்கு வேண்டிய சொற்கள் மட்டும்தான் எங்களிடையே இருந்தன. துவாய், மருந்து, கதவு. காலையில் அவள் விளிம்பில் விரல் வைக்கும்போது நான் வேறுபக்கம் பார்த்துக்கொள்வேன். ஒருமுறை அவள் வர முந்தி நானே ஜன்னலைத் திறந்து விரலால் இழுத்துப் பார்த்தேன். சாதாரண ஜேர்மன் தூசு. எனக்கு ஏனோ அழுகை வந்தது.

இங்கே எச்சரிக்கைச் சைரன்களைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே அறிவிப்பார்கள், எங்கள் பலகையிலும் ஒட்டியிருந்தது. அன்று முற்பகல் ஊர்ச் சைரனும் எல்லோருடைய தொலைபேசிகளும் ஒருமிக்க அலறின. ஷுல்ற்ர கோப்பிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. வெறும் சோதனை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? என் கால்களுக்கு அறிவித்தல் வாசிக்கத் தெரியாது. இரண்டாம் மாடியிலிருந்து நிலவறையை நோக்கிப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். முதலாம் மாடித் திருப்பத்தில், கீழே சலவையறையிலிருந்து இரண்டிரண்டு படியாகப் பாய்ந்து ஏறி வந்த லோர்னா என்மேல் மோதாத குறையாக நின்றாள்.

“எங்கே போகிறாய்?” என்றாள் மூச்சிரைக்க.

“கீழே. நீ?”

“மேலே.”

ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்தாள், மேலே இழுக்கத்தான் பிடித்திருப்பாள். நானும் அவள் கையைப் பிடித்தேன், கீழே இழுக்கத்தான். “மனாங்” என்றாள். சைரன் ஓயும்வரை அவள் மேலேயும் ஏறவில்லை, நான் கீழேயும் இறங்கவில்லை.