அக்கா சிரித்தது

அக்காவுக்குப் பக்கவாதம் வந்தபோது நாங்கள் இருவரும் மலாயாவில் காஹாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். வாளியைத் தூக்கியவள் அப்படியே சரிந்தாள். இரண்டு மாதம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்து, காலை இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்குத் தேறி என் வீட்டுக்கு வந்தாள். பேச்சுக் குழறியது. ஆள் பிழைத்ததே போதும் என்றிருந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி படித்துச் சொன்னார்: அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிவிட்டதாம். வீட்டுக்கு ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். தோள் குலுங்க, மூச்சு வாங்க, நிறுத்தவே முடியாத சிரிப்பு. துக்கம் கேட்க வந்த எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

பத்து நாள் அவளோடு நான் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள், நான் நிற்கமாட்டேன்.

கையில் பால் வெட்டும் உளி பட்டதற்கு மருந்து போடப் போனபோது, ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெசர், "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அது சிரிப்பே இல்லம்மா," என்றார் அவர். "மூளையில அடிபட்டிருக்கு. மனசுல ஒண்ணு இருக்கும், மொகம் வேற ஒண்ணு காட்டும். சில பேரு காரணமே இல்லாம அழுவாங்க. இவங்களுக்குச் சிரிப்பா வருது. நீயே கேட்டுப் பாரு."

போட்ட மருந்து காய்வதற்குள் வீட்டில் இருந்தேன்.

"அக்கா, அம்மா போனதுல உனக்கு வருத்தமே இல்லியா?"

மறுபடியும் அதே சிரிப்பு. சிரித்துக்கொண்டே நல்ல கையால் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அது தணிந்ததும் ஒவ்வொரு சொல்லாக வந்தது. "உள்ள... அழுவுறேன்டி. வாய்... கேக்க மாட்டேங்குது."

அவள் மடியில் விழுந்தேன். அம்மாவுக்காக நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான். அக்கா மறுபடியும் வந்த சிரிப்போடே என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் லயத்தில் ஒவ்வொரு கதவாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி, "தெரியாமப் போச்சே, தங்கச்சி," என்று சொல்லி, உடனே வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்டாள்.

ஒரு வருஷத்தில் அந்தச் சிரிப்பு மெல்லக் குறைந்தது. முழுக்கப் போகவில்லை. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் பேச்சை நிறுத்திக் காத்திருக்கப் பழகிக்கொண்டோம்.