மூலமட்டம் மாதிரி ஓர் எழுத்து

பக்கத்து வீட்டு சரோஜாக்காவின் பட்டன் போனைக் காதில் வைத்தால் முதலில் கேட்பது கலவை மெஷினின் கடகட சத்தம், அதற்குள்ளிருந்துதான் அப்பாவின் குரல் வரும். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பாடத்தையெல்லாம் போனில் அனுப்பிய அந்த வருஷம் நான் ஏழாவது. பாடம் வருகிற ‘டச் போன்’ எங்களுக்கு ஒன்றுதான். அது பெங்களூரில் கட்டட வேலை பார்த்த அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது, நானோ காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அப்பா பாடத்தைப் பார்த்துச் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். இங்கிலீஷ் தெரியாததால் எழுத்தின் உருவத்தைச் சொல்வார்.

"மொதல்ல மூலமட்டத்த நிக்க வெச்ச மாதிரி ஒண்ணு கண்ணு. அப்புறம் ரெண்டு ஏணியச் சாச்சி நடுவுல குறுக்குப் பலகை."

சுவரின் மூலை சரியா என்று கொத்தனார் வைத்துப் பார்க்கிற ‘மூலமட்டம்’தான் எல், ஏணி ஏ.

"ஏண்டி, உங்கப்பன் பாடம் சொல்றாரா, வூடு கட்றாரா?" என்று சரோஜாக்கா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஒருநாள் அப்பாவிடம் கத்திவிட்டேன்.

"ஒனக்கு ஒண்ணுந் தெரியல. டச் போன வூட்லயே வெச்சிட்டுப் போ."

"வெச்சிட்டா மேஸ்திரி எதுல கூப்புடுவாரு கண்ணு?" என்றார், அவ்வளவுதான்.

வீட்டுப்பாடத்தைப் படமெடுத்து அனுப்பாதவர்கள் வகுப்புக்கு வராத கணக்கு என்று சார் சொல்லியிருந்தார். அதனால் நான் விடை சொல்ல, அப்பா சிமெண்ட் மூட்டைக் காகிதத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து சார் அவரிடம், "இது யாருங்க எழுதறது? பாப்பாவ எழுதச் சொல்லுங்க" என்றாராம். அதைச் சொல்லி அப்பா சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. அதன்பிறகு அவர் கூப்பிட்டாலும் நான் பேசப் போகவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது பாடம் ஒன்றும் புரியவில்லை, எட்டாவதோடு நின்றுவிட்டேன்.

போன தை மாசம் நெஞ்சு வலியில் அப்பா போய்விட்டார். அன்றைக்குக் கத்திக் கேட்ட போன் இப்போது நாள் முழுக்க என் கையில் இருக்கிறது. சரோஜாக்காவும் ‘டச் போன்’ வாங்கிவிட்டார். கலவை மெஷின் சத்தத்தோடு என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

நேற்று அந்தப் பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். நான் போகாத நாட்களிலும் சாருக்குப் படம் போயிருக்கிறது. மேலே என் பெயர், ஏழாம் வகுப்பு. விடை தெரியாமல் இங்கிலீஷ் கேள்வியையே பார்த்துப் பார்த்துக் காகிதம் நிறைய எழுதியிருக்கிறார். மூலமட்டம் ஒவ்வொன்றும் நேராக நிற்கிறது.