காலை ஐந்தரைக்குப் பெரட்டு

மலேசியாவின் ஈப்போ நகரில் நான் இருக்கும் முதியோர் இல்லத்தில், எங்களை மகிழ்விப்பதற்கென்றே சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறார்கள். திங்கள், பலூன் தட்டுதல். செவ்வாய், வண்ணம் தீட்டுதல். புதன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைதட்டுதல். எதற்காகத் தட்டுகிறோம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து, யாருக்குமே பிறந்தநாள் இல்லாத கூடத்தில் பிறந்தநாள் பாட்டுப் பாடி, ஆளுக்கொரு ஆரஞ்சைக் கையில் திணித்து, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எழுபத்தெட்டு வயதில் நான் ஒரு பட்டாம்பூச்சிக்குக் கோட்டைத் தாண்டாமல் நீலம் பூசினேன். "வெரி குட் அங்கிள்!" என்றாள் நடவடிக்கைகளுக்குப் பொறுப்பான பெண். ரப்பர் தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் ஆள்கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன், ஒரு துரைகூட என்னை அப்படிப் புகழ்ந்ததில்லை.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இங்கிலீஷ் தெரிந்த குடும்பம் என்பதால் தோட்டத்தில் நாற்காலி எங்களுக்கு, வெயில் மற்றவர்களுக்கு. அந்தக் கெத்தை இங்கேயும் விடாமல் தனி மேசையில் சாப்பிட்டேன். பலன், நாள் முழுதும் என்னோடு பேசியது தொலைக்காட்சி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் மெல்பர்னிலிருந்து கைப்பேசியில் வந்து, "அங்க ஆக்டிவிட்டி எல்லாம் நல்லா இருக்காப்பா?" என்பான். பிரமாதம் என்பேன்.

போன வருஷம் தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்து சேர்ந்தார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். பலூன் அவர் மடியில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆனால் தினமும் காலை ஐந்தரைக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசல் கேட்டருகே போய் நிற்பார். பணிப்பெண்கள் கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். மறுநாளும் நிற்பார். காரணமில்லாமல் அலைகிறார் என்று அவருடைய கோப்பில் எழுதினார்கள். மூன்றாவது வாரம், இனியும் இப்படிச் செய்தால் மேல்மாடிக்கு மாற்றிவிடுவோம் என்றார்கள். மேல்மாடிக்குக் கம்பிக்கதவு உண்டு. அங்கே போனவர்கள் கீழே வந்து நான் பார்த்ததில்லை.

அவர் எங்கே அலைந்தார்? ஒரே இடத்தில் அசையாமல் நின்றார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். தோட்டத்தில் அதற்குப் பெரட்டு என்று பெயர். விடியும் முன்னே ஆட்கள் வரிசையாக நிற்க, கிராணி ஒவ்வொருவர் பேராகக் கூப்பிட்டு, யாருக்கு எந்த வேலை என்று சொன்ன பிறகுதான் பொழுதே தொடங்கும். பிந்தி வந்தவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுதவர்களையும் அனுப்பியிருக்கிறேன். கறாரான கிராணி என்று பேர் எடுத்தவன்.

விஷயத்தை மேற்பார்வையாளரிடம் விளக்கினேன். "பாவம் அங்கிள், அவங்களுக்கு மறதி லா" என்றார். எனக்கும் மறதி வந்துவிட்டதோ என்று என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் ஐந்தரைக்கு, தூக்கம் கெட்ட எரிச்சலோடு நானே கேட்டுக்குப் போனேன். அந்த அம்மாவின் பேரை, தகப்பன் பேரோடு சேர்த்து, பழைய குரலில் கூப்பிட்டேன்.

"இருக்கேங்க!" என்றார். அவர் குரலை அன்றுதான் கேட்டேன்.

"இன்னிக்குக் குசினியில நெத்திலித் தலை கிள்ளணும்."

கிளம்பியவர் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தார். "இது தோட்டம் இல்லேன்னு எனக்குத் தெரியும் லா, ஐயா. வேல சொல்லாம எப்படி உக்காந்திருக்கிறது?"

சமையல்காரி முதலில் முறைத்தாள். ஒரு கூடை நெத்திலி சுத்தமானதும் முறைப்பதை விட்டுவிட்டாள். மறுநாள் ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் வந்து நின்றார். இரண்டு வாரத்தில் ஒன்பது பேர். வாசல் கூட்ட, செடிக்குத் தண்ணீர் ஊற்ற, துண்டு மடிக்க. கை நடுங்குகிறவருக்குக்கூடக் கறிவேப்பிலை உருவும் வேலை இருந்தது. வேலையோடு பேச்சும் நடந்தது. யாருடைய மருமகள் மோசம் என்பதில் கடும் போட்டி. என்னிடமும் ஒரு மருமகள் இருந்ததால் தனி மேசையை விட்டு வந்துவிட்டேன்.

மேல்மாடிப் பேச்சு அடங்கியது. அட்டவணையில் 'காலை நடவடிக்கை' என்று ஒரு வரி ஏறியது. பொறுப்பான பெண் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டாள்; யோசனை அவளுடையது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு மகன் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது ஞாயிறும் போன பிறகு, திங்கட்கிழமை நான் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பெரட்டாவது மண்ணாவது.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. தலையில் துண்டோடு அந்த அம்மா நின்றார்.

"கிராணி ஐயா, எல்லாரு பேரையும் நானே கூப்பிட்டுட்டேன். ஒங்க பேர நாலு தடவ கூப்பிட்டேன், சத்தத்தையே காணோம்."

பக்கத்தில் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. என் பேரை, என் தகப்பன் பேரோடு சேர்த்து, ஐந்தாவது தடவையாகக் கூப்பிட்டார்.

"இருக்கேங்க" என்றேன். முப்பது வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டவன், அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

"பிந்திட்டீங்க" என்றார். "பரவால்ல, நான் திருப்பி அனுப்ப மாட்டேன். பூண்டு உரிக்கணும், வாங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனேன்.