பாஸ்டரம்மா மூட்டிய அடுப்பு

வைசேகாவில் பாஸ்டர் வீட்டு அடுப்பில் பூனைதான் படுத்திருக்கும். இல்லாமையால் அல்ல. மூன்று வேளைச் சாப்பாட்டையும் சபைக் குடும்பங்கள் முறை வைத்துக் கொண்டுவந்து கொடுக்கும். பாஸ்டரின் மனைவி கரண்டியைத் தொட்டால் ஊருக்கே இழுக்கு. தென்கடலில் இருக்கும் எங்கள் சவாயீ தீவில் இந்த வழக்கம் பல ஊர்களில் உண்டு என்றாலும் வைசேகாக்காரர்களுக்கு அதில் தனி வீம்பு. பக்கத்து ஊர் பாஸ்டருக்கு வெறும் கிழங்கும் டின் மீனும்தான் கிடைக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகி வந்தபோது பாஸ்டர் பெனியமினாவும் அவர் மனைவி எசேதாவும் அங்கே வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பள்ளிக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு செம்பருத்தி வேலிதான். எசேதா பாடகர் குழுவை நடத்துபவள். கடல் வற்றும் நேரத்தில் பெண்களோடு பவளப்பாறைக்குப் போய் சிப்பி பொறுக்குவதுதான் அவளுக்குப் பெரிய சந்தோஷம். வந்த புதிதில் எல்லோருக்கும் முன்னால் நடந்தாளாம். நான் பார்த்த எசேதா நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் பாட்டை நடத்தினாள். இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. கழிப்பறைக்குப் போய்வருவதற்குள் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

நியூசிலாந்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் அறுவை மருத்துவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, இருபது கிலோ குறைத்துக்கொண்டு வந்தால் அடுத்த வருடம் மூட்டு மாற்றலாம், இந்த எடையில் கத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எசேதா சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தாள். இருபது கிலோ தன் கையில் இருக்கிறது என்று நினைத்துவிட்டாள், பாவம்.

அன்று சாயங்காலம் வந்த தட்டில் உப்புக்கண்ட மாட்டிறைச்சி, கொழுப்பு சொட்டும் வான்கோழி வால், தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு இலை, தலையளவு சுட்ட ஈரப்பலாக்காய். பக்கத்தில் சர்க்கரை கரையாமல் அடியில் நிற்கும் கொக்கோ.

மகளிர் சங்கத் தலைவி மாரெதாவிடம் எசேதா பணிவாகவே சொன்னாள். "மாரெதாக்கா, டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கார். எனக்குக் கொஞ்சம் மீனும் அவிச்ச வாழைக்காயும் போதும்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்களேன்."

"அதெப்படி பாஸ்டரம்மா? நீங்க இளைச்சுப் போனா எங்களைத்தானே பேசுவாங்க. போன சபை மாநாட்டுல பக்கத்து ஊர்க்காரி உங்களைப் பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா? 'வைசேகா நல்லாத்தான் கவனிக்குது'ன்னா. எனக்கு அப்படியே நெஞ்சு குளுந்து போச்சு."

"என் காலு போயிட்டிருக்கு அக்கா."

"காலுக்கு நாங்க ஜெபம் பண்றோம். நீங்க சாப்பிடுங்க."

பாதி சாப்பிட்டுத் திருப்பி அனுப்பினால் அந்தக் குடும்பமே மறுநாள் வாசலில் வந்து நின்று, சமையலில் என்ன குறை என்று கேட்டது. ஒருத்தி அழுதேவிட்டாள். பிறகு எசேதா தட்டைக் காலி செய்ய வேறு வழி கண்டுபிடித்தாள். வீட்டு நாய்களுக்குப் போட்டாள். ஆனால் நாய் பொய் சொல்லத் தெரியாத பிராணி. பாஸ்டர் வீட்டு நாய்கள் இரண்டும் பன்றிக்குட்டி மாதிரி உருண்டு திரண்டன. ஊரில் மற்ற நாய்களுக்கெல்லாம் விலா எலும்பு தெரியும். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு கிழவர் அந்த நாய்களைப் பார்த்துவிட்டு, "இதுகளும் ஞானஸ்நானம் வாங்கிடுச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாரெதா சிரிக்கவில்லை. அன்று முதல் தட்டு கொண்டுவரும் பெண்கள் எசேதா சாப்பிட்டு முடிக்கும்வரை விசிறியோடு பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். ஈ ஓட்டுகிறார்களாம்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கைதியைக்கூட இப்படிக் காவல் காத்து ஊட்ட மாட்டார்கள். பாஸ்டர் என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். தன் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, "அன்பா கொண்டு வராங்க எசேதா. மனசு நோகடிக்காதே" என்பார். அவள் மனது எங்கே போயிற்று என்று அவருக்குத் தோன்றவில்லை.

வருடம் திரும்பியது. மருத்துவர்கள் வந்தார்கள். எசேதாவைத் தனியாக அனுப்பினால் மரியாதையில்லை என்று மாரெதா துணைக்குப் புறப்பட்டாள். நானும் போனேன். மாரெதா மடியில் ஒரு ஓலைக்கூடை, அது நிறையக் கிழங்கும் இறைச்சியும்.

எடைக் கருவியில் ஏறி நின்ற எசேதா கண்ணை மூடிக்கொண்டாள். குறைவது எங்கே, மூன்று கிலோ கூடியிருந்தது. இளம் மருத்துவர் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். நர்ஸ் அதை எங்கள் மொழியில் எடுத்துச் சொன்னாள். "மனசு வச்சிருந்தா முடிஞ்சிருக்கும்மா. வாயைக் கட்டணும்ல? நீங்களே முயற்சி பண்ணலேன்னா நாங்க என்ன பண்றது?"

எசேதா வாயைத் திறக்குமுன் மாரெதா முந்திக்கொண்டாள். "அவங்களுக்கு எங்க ஊர்ல ஒரு குறையும் இல்ல டாக்டர். நாங்க ராணி மாதிரி வச்சிருக்கோம்." சொல்லிவிட்டுப் பெருமையோடு கூடையைப் பிரித்து மருத்துவருக்கும் ஒரு துண்டு நீட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பாட்டு அலறியது. எசேதா வழி முழுக்க ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். ஊர் ஜனம் செய்ததற்கெல்லாம் அவளுக்குப் பட்டம், வாயைக் கட்டாதவள்.

திங்கட்கிழமை காலையில் பள்ளி மணி அடிக்கப் போனவள் அப்படியே நின்றேன். பாஸ்டர் வீட்டுக்கு முன்னால், பஸ் போகிற சாலையைப் பார்த்தபடி, எசேதா தரையில் உட்கார்ந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பின்கட்டில் அல்ல, வாசலில். கல் அடுக்கி, தேங்காய் மட்டை வைத்து ஊதினாள். மீனவன் மகள், பழக்கம் விட்டுப்போகவில்லை. இலையில் சுற்றிய ஒரு மீன், நாலு பச்சை வாழைக்காய். புகை சாலைக்கு மேலே எழும்பியது. பஸ் வேகத்தைக் குறைத்தது. உள்ளே இருந்த பக்கத்து ஊர்க்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

மாரெதா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "என்ன காரியம் பண்றீங்க பாஸ்டரம்மா? எங்க மானத்தை நடுரோட்டுல வச்சுக் கொளுத்துறீங்களே."

"மீன் சுடுறேன் அக்கா."

"பசின்னா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நாங்க செத்தா போயிட்டோம்?"

"ஒரு வருஷமா சொல்லிட்டுத்தானே இருக்கேன். உங்க காதுல விழுந்துச்சா? என் உடம்பு உங்க ஊருக்குப் பெயர்ப் பலகையா? நான் பெருத்தா உங்களுக்குப் பேரு. நான் நடக்க முடியாம விழுந்தா அது யாருக்குப் பேரு?"

"அன்பா செய்யுறதைப் போய் இப்படிப் பேசுறீங்க."

எசேதா சாலையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "உங்க வீட்டுக்காரருக்கும் அன்பாத்தானே ஊட்டினீங்க. சக்கரை வியாதின்னு டாக்டர் சொல்லச் சொல்ல ஊட்டினீங்க. ஒரு காலை எடுத்தாங்க, அப்பவும் ஊட்டினீங்க. எங்கே அவரு?"

மாரெதாவின் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. திரும்பி நடந்தாள். கையிலிருந்த விசிறி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்று ஊரில் பலரும் சொன்னார்கள். வேறு எப்படிச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்கள் என்று நான் கேட்டேன்.

ஊர்ப் பெரியவர்கள் பாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் போய்விட்டுத் திரும்பி வந்து அவள் எதிரே நின்றார்.

"உன்கிட்ட பேசச் சொன்னாங்க."

"பேசுங்க."

"அடுப்பை அணைக்கச் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க? அதைச் சொல்லுங்க."

அவர் வெள்ளை வேட்டியோடு மண்ணிலேயே உட்கார்ந்து, "பாதி மீன் எனக்குக் குடு" என்றார். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் செய்த முதல் துணிச்சலான காரியம் அதுதான். எசேதாவுக்கு அவர்மேலிருந்த கோபம் அதில் தீர்ந்துவிடவில்லை. "ஒரு வருஷம் லேட்டு" என்று சொல்லிக்கொண்டே மீனைப் பிய்த்துக் கொடுத்தாள்.

அடுப்பு அணையவில்லை. தினமும் புகைந்தது. சில குடும்பங்கள் ரோஷத்தில் தட்டை நிறுத்தின. சில வீடுகள் பழைய இறைச்சியையே அனுப்பின, அதை அவள் தொடாமல் திருப்பி அனுப்பினாள். ஆனால் மாரெதா வீட்டு முறை வந்த அன்று, மூடியைத் திறந்தால் உள்ளே சுட்ட மீன், எலுமிச்சை, அவித்த கீரை, ஒரு பப்பாளித் துண்டு. தேங்காய்ப்பால் சொட்டுக்கூட இல்லை. கொண்டுவந்த மருமகள் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அந்த வீட்டிலிருந்து அப்படித்தான் வந்தது. மாரெதா மட்டும் வரவே இல்லை. கோயிலில் எசேதா பாட்டைத் தொடங்கினால் அவள் பாடுவாள். வெளியே வந்தால் முகம் பார்க்க மாட்டாள்.

அடுத்த வருடம் எடை பதினாறு கிலோ குறைந்திருந்தது. வேறொரு மருத்துவர் வந்திருந்தார். இருபது குறையவில்லையே என்று முதலில் இழுத்தார். எசேதா நாற்காலியை விட்டு எழவில்லை. "இந்தப் பதினாறை நான் எங்கிருந்து எடுத்தேன்னு உங்களுக்குத் தெரியாது. வலது காலை மட்டுமாவது செஞ்சிட்டு அனுப்புங்க" என்று நர்ஸைக்கொண்டு சொல்லவைத்தாள். செய்தார்கள். இடது கால் இன்னும் வலிக்கத்தான் வலிக்கிறது.

ஊர் இப்போது அந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்கிறது. பாஸ்டரம்மாவின் காலுக்காக வைசேகா முழுவதும் பத்தியம் இருந்ததாம். போன மாநாட்டில் ஒருத்தி என்னிடமே அதைச் சொன்னாள். எசேதா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்படியா? எனக்கு யாரும் சொல்லலியே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோலை ஊன்றிக்கொண்டு கடல் வற்றியிருந்த பக்கமாக இறங்கிப் போனாள்.