மூன்று நாள் நாடக வகுப்பும் ஐந்து தட்டங்களும்

பெண்ணின் தாய், பையனின் தாய் தகப்பனை வீட்டுக்கு வரச்சொன்னால் எதற்கு வரச்சொல்வாள்? பியானோ கேட்கவா? இந்தக் கேள்வியை இன்றைக்கும் என் மகனிடம் கேட்கிறேன். அவன் இன்றைக்கும் சிரிக்கத்தான் செய்கிறான்.

அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. பிரெஞ்சு பேசும் லொங்குய் நகரில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை. கூட வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையை இரண்டு வருடமாக விரும்புகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். நான் அழுது குளறுவேன் என்று எதிர்பார்த்திருப்பான் போல. எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ரொறன்ரோவில் ஒரு வீட்டில் அவனுக்குச் சம்பந்தம் பேசப் போனோம். நாங்கள் கொண்டுபோன தட்டங்களை அவர்கள் கையால் தொடவுமில்லை. "பேந்து சொல்லுறம்" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பேந்து, அந்தப் 'பிறகு', வரவேயில்லை. அதற்குப் பிறகு என் பிள்ளை கலியாணம் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவிடவில்லை. அவனே வாய் திறந்து ஒரு பெண்ணைச் சொல்லும்போது, இதுவும் தட்டிப்போகக்கூடாது என்பது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடியது.

"தாய் மனசோட ஓமெண்டால்தான் அவ செய்வா அம்மா. அவைக்கு வேற ஒருத்தரும் இல்லை" என்றான்.

பிறகு கொஞ்ச நாளில் அழைப்பு வந்தது. அதையும் அவன்தான் சொன்னான். "அவட அம்மா சங்கீத ரீச்சரா இருந்தவ. வருசா வருசம் இல்-பிசார் தீவில தன்ர வீட்டில மூண்டு நாள் ஆக்களைக் கூப்பிட்டு வகுப்பு வைக்கிறவ. நியூயோர்க்கில பிராட்வே எண்ட தெருவில ஆடுற இசை நாடகங்கள்ற சரித்திரம். இந்த முறை உங்களையும் வந்து நிக்கட்டாம்."

நான் கடைசி வசனத்தை மட்டும்தான் காதில் வாங்கினேன். வந்து நிற்கட்டாம். இதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? வகுப்பு என்பதெல்லாம் வெள்ளைக்காரர் கூச்சத்தில் சொல்லும் சாட்டு என்று நினைத்தேன். மூன்று நாள் இரவு பகலாக அடுப்படியில் நின்றேன். பயித்தம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு. ஒரு தட்டத்தில் பழம், ஒரு தட்டத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு தட்டத்தில் அரக்குச் சிவப்பில் ஒரு சேலை. பலகாரம் இரண்டு தட்டம். மொத்தம் ஐந்து. பேச்சைத் தொடங்கிவைக்க என் கணவரின் தமையனையும் கூட்டிக்கொண்டோம். எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் முதல் வாய் திறப்பது அந்த அத்தான்தான். "நாங்கள் வந்த விசயம் என்னெண்டால்" என்று அவர் தொண்டையைச் செருமினால் சபை அடங்கும்.

வெள்ளிக்கிழமை இராகு காலத்துக்கு முன்னால், பத்து மணிக்கே போய் இறங்கினோம். மகன் எங்களை வாசலில் விட்டான். "ஞாயிறு காலமை அவவையும் கூட்டிக்கொண்டு வாறன்" என்று காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். நான் தட்டத்தோடு உள்ளே காலை வைக்கிறேன், கூடத்தில் இருபது கதிரை. இருபது கதிரையிலும் இருபது கிழடுகள். மடியில் கொப்பி, கையில் பென்சில். முன்னால் ஒரு பியானோ, பக்கத்தில் ஒரு கரும்பலகை.

ஐயோ கடவுளே, இது உண்மையாகவே வகுப்பு!

பெண்ணின் தாய் ஓடிவந்தாள். நல்ல உயரம், வெள்ளைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. ஐந்து தட்டத்தையும் ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் வாங்கினாள். எனக்கு மனம் கொஞ்சம் குளிர்ந்தது. அத்தான் தொண்டையைச் செருமினார். "நாங்கள் வந்த விசயம்..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பிக்க, அவள் ஒரு சின்ன மணியைத் தூக்கி டிங் டிங் என்று ஆட்டினாள். வகுப்புத் தொடங்கிவிட்டது.

ஒன்றரை மணித்தியாலம். ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த பாட்டு நாடகங்கள், பாட்டும் பகிடியும் கலந்த நியூயோர்க்கின் கலவை நிகழ்ச்சிகள், குதிரை வண்டிக் காலத்து மேடைகள் என்று சொல்லிக்கொண்டே போனாள். முந்திய காலத்தில் கதை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கமாக இருந்ததாம். பிறகுதான் கதைக்குள்ளேயே பாட்டு வந்ததாம், பாட்டே கதையை நகர்த்தியதாம், அது ஒரு புரட்சியாம். இருபது பேரும் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதைக்குள் பாட்டு வருவதைத் தமிழருக்குப் படிப்பிக்க ஓர் ஆள் வேண்டுமா? எங்கள் ஊர்க் கொட்டகைகளில் காதலித்தாலும் பாட்டு, செத்தாலும் பாட்டு. நாங்கள் யாராவது அதற்குக் கொப்பி வாங்கினோமா?

திரும்பிப் பார்த்தால் என் கணவர் எழுதிக்கொண்டிருக்கிறார். வரும் வழியில் தெப்பனர் என்ற மூலைக் கடையில் நிறுத்தச் சொல்லி இந்த மனிசன் கொப்பி வாங்கியது இதற்குத்தான்!

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்?"

"நல்லாத்தான் சொல்லுறா. நீர் சும்மா இரும்."

கோப்பி நேரம் வந்தது. அப்போதுதான் அந்த அநியாயம் நடந்தது. சம்பந்தியம்மா என் பலகாரத் தட்டங்களைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கிழடுகளுக்கு நடுவில் மேசையில் வைத்தாள். சும்மா வைக்கவில்லை, ஒவ்வொருவருக்கும் தானே எடுத்துக் கொடுத்தாள். சம்பந்தத் தட்டம்! ஒரு வார்த்தை பேசாமல், ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல், கோப்பிக்குக் கடிக்கிற பிஸ்கட் மாதிரி! ஒரு கிழவி மட்டும் நாலு அரியதரம் தின்றாள். நான் எண்ணினேன். வெற்றிலையை ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டுப் பூ மாதிரி வைத்தாள். சேலையைப் பிரித்துப் பியானோவின் மேல் போட்டாள். மிச்சம் மீதி என்ன இருக்கிறது?

தின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கழுத்துப் பட்டி கட்டிய ஒரு கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது. அரியதரத்துக்குக் கண் கலங்குகிற சனத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எல்லாருக்கும் ஒரு "ம்" சொன்னேன், அவ்வளவுதான்.

"ரொறன்ரோக்காரர் தொடாமல் வைச்சவை. இவ தொட்டு ஊருக்கே பங்கிட்டுப்போட்டா. ரெண்டும் ஒண்டுதான்" என்றேன் கணவரிடம்.

"ருசியா இருந்தபடியால் குடுத்திருப்பா" என்றார். அவர் வாயிலும் முறுக்கு! பையன் வீட்டார் கொண்டுபோன பலகாரத்தைத் தாங்களே தின்கிறதா? நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை இன்னும் மோசம். காலையில் பழைய நாடகத் துண்டுகளைத் திரையில் போட்டுக் காட்டினாள். அத்தான் முதல் பாட்டிலேயே குறட்டை. பின்னேரம் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, தோளில் கை போட்டுக் காலைத் தூக்கி ஆடவைத்தாள். நாடகத்தில் பின்வரிசையில் ஆடுகிறவர்களின் சரித்திரமாம், ஆடிப்பார்த்தால்தான் விளங்குமாம். முழங்கால் வருத்தம் என்று வீட்டில் ஒரு வாளி தண்ணீர் தூக்காத என் கணவர், நாலு அரியதரக் கிழவியின் தோளில் கை போட்டுக்கொண்டு காலைத் தூக்கினார். சம்பந்தியம்மா என்னிடம் வந்து கையை நீட்டினாள், "வாருங்கள்" என்றாள். நான் பிரெஞ்சில் "நோன் மெர்சி", வேண்டாம் நன்றி, என்று சொல்லி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அத்தான் இரண்டு நாளில் ஆறு தரம் தொண்டையைச் செருமினார். ஆறு தரமும் மணி அடித்தது, அல்லது யாரோ பாடத் தொடங்கினார்கள். "இவை ஆக்கள் பேச்சுக்கு இடம் தரமாட்டினம் போல. விருப்பமில்லாட்டி இப்பிடித்தான் நழுவுவினம்" என்று அவர் ஒரு பெருமூச்சு விட்டார். மரியாதையாக, சிரித்துக்கொண்டே, மூன்று நாள் பாட்டுக் காட்டி அனுப்பப்போகிறார்கள். என் பிள்ளை திரும்பவும் தன் அறையைச் சாத்திக்கொண்டு நாலு வருடம் இருக்கப்போகிறான். மகனுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்க எனக்கு ரோசம் விடவில்லை. அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் ஏதாவது கேட்டால் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

ஞாயிறு காலை மகன் அந்தப் பிள்ளையோடு வந்தான். பிள்ளை வாசலிலேயே நின்றது, உள்ளே வரவில்லை. அழுது முகம் வீங்கியிருந்தது. என்ன ஏது என்று கேட்பதற்குள் அந்த மணி அடித்துவிட்டது, கோதாரி!

கடைசி வகுப்பு. ஒரு நல்ல இசை நாடகத்தில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு பாட்டு வரவேண்டுமாம். கதையின் முக்கிய ஆள் முன்னால் வந்து, தனக்கு என்ன வேண்டும் என்று வெளிப்படையாகப் பாடவேண்டுமாம். அதைச் சொல்லாவிட்டால் சபைக்கு யாருக்காகக் கவலைப்படுவது என்று தெரியாதாம். "இப்போது நீங்கள் ஒவ்வொருவரும் பியானோ பக்கத்தில் வந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லுங்கள். பாடினாலும் சரி" என்றாள்.

கழுத்துப் பட்டிக் கிழவர் தனக்குப் புது இடுப்பு எலும்பு வேண்டும் என்று பாடினார். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவர் போய், அடுத்த வருடமும் வரவேண்டும் என்றார். கைதட்டல். எனக்கு முன்னால் இருந்த கதிரைகள் ஒவ்வொன்றாக முடிய, என் முறை வந்தது.

நான் எழும்பினேன். ஏன் எழும்பினேன் என்று தெரியாது. மூன்று நாளாக அடக்கினது இனி அடங்காது போலிருந்தது. பியானோவில் என் சிவப்புச் சேலை கிடந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"எனக்கு உன் மகள் வேண்டும், என் மகனுக்கு! மூன்று நாளாக நான் காத்திருக்கிறேன். நீ ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு உன் பாட்டு வேண்டாம், ஓம் வேண்டும், ஓம்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. சம்பந்தியம்மா கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான் வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேனே" என்றாள்.

"எப்போது?"

"உன் மகனிடம் இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டேன், தட்டம் வந்தால் நான் என்ன செய்யவேண்டும் என்று. சம்மதம் என்றால் இரண்டு கையாலும் வாங்கி, சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு, உன் கையாலேயே பகிர்ந்து கொடு என்றான். சேலையை எல்லாரும் பார்க்கும்படி விரித்து வை என்றான்." அவள் அந்த இருபது கதிரைகளையும் கையால் காட்டினாள். "இவர்கள்தான் என் சொந்தக்காரர். வேறு யாரும் இல்லை. என் கணவர் இறந்தபோது என் மகளுக்கு ஒன்பது வயது. இவர்கள்தான் முறை போட்டு அவளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் கூட்டிவந்தார்கள். வருடத்தில் இந்த மூன்று நாள்தான் எல்லாரும் ஒன்றாக இருப்போம். அதனால்தான் உங்களை இந்த நாட்களில் வரச்சொன்னேன்."

நான் மகனைத் திரும்பிப் பார்த்தேன். "எளிய மூதேவி, இதை எனக்கும் சொல்லியிருக்கலாமே!"

"உங்கட முறைதானே அம்மா! உங்களுக்குத் தெரியாதெண்டு நான் கண்டனானே?" என்றான்.

வாய் மூலமாக ஒரு சொல் சொல்லவேண்டும் என்பதை அவன் அவளுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறான். அவனுக்கும் தெரியாது, பாவி. ரொறன்ரோவில் அந்தச் சொல் வந்திருந்தால்தானே அவன் கண்டிருப்பான். அத்தான் இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினார். "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ" என்று என் கணவர் அவர் தொடையில் தட்டினார். கழுத்துப் பட்டிக் கிழவருக்குத் திரும்பவும் கண் கலங்கியிருந்தது. இந்த முறை அது அரியதரத்துக்கில்லை என்று எனக்கு விளங்கியது. வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. பெண் வீட்டார் இருபது பேரும் வந்து கை பிடித்திருக்கிறார்கள், நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு "ம்" சொல்லியிருக்கிறேன்.

"பிறகு ஏன் உன் பிள்ளை அழுதிருக்கிறாள்?" என்று கேட்டேன். எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

சம்பந்தியம்மா கண்ணாடியைத் திரும்பவும் மாட்டிக்கொண்டாள். என் மூஞ்சியைப் பார்த்து, முறையில் தான் ஏதோ பிழை விட்டுவிட்டதாக அவள் நினைத்தாளாம். எதை மாற்றிச் செய்தோம் என்று இரண்டு நாளாக யோசித்தாளாம். பின்னேரம் பின்னேரம் அந்தப் பிள்ளை தாய்க்கு ரெலிபோன் எடுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டதாம், இன்றைக்காவது அவனுடைய அம்மா சிரித்தாவா என்று. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் தாய், இன்னும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள்.